ரொட்டி எடுத்த பிறகு

செங்கம் சாலையில் அண்ணன் ஜியாவுல்லாவின் பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டே வஜீதா ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். அடுப்புக்குள்ளேயே விறகை எரித்து, தணலை வாரி வெளியே தள்ளி, ரொட்டி சுட்டு எடுத்த பிறகும் அந்தச் செங்கல் குகை மாலைவரை சூடு விட்டுக்கொண்டே இருக்கும். யாருக்கும் பயன்படாத சூடு. அதைத் தனக்குக் கொடுத்தால் நெய் பிஸ்கட் சுட்டு விற்பதாக அண்ணனிடம் கேட்டாள். புருஷன் வீட்டை விட்டு வந்த பிறகு அவள் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

போன வாரம் சம்மதித்தான். எங்கே மனம் மாறிவிடுவானோ என்ற அவசரத்தில் ஈரச் சாக்கால் அடுப்பின் தரையைத் துடைத்துச் சூட்டைத் தணித்தாள். தரை குளிர்ந்தது; கூரைக் கல் குளிரவில்லை. சுட்டு எடுத்த பிஸ்கட்டில் மேலே கரி, அடியில் பச்சை மாவு. அண்ணி பீபி ஜான் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "இத உன் மாமியாருக்கு அனுப்பலாம்மா," என்றாள். இன்னொரு முறைதான், அதுவும் வீணானால் அடுப்புப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றான் அண்ணன்.

தன்னையும் இப்படித்தானே ஆற்றப் பார்த்தார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வந்த அன்றே ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். முகம் குளிர்ந்தது, உள்ளே கனன்றுகொண்டே இருந்தது. யாரும் கிளறாமல் விட்ட பிறகுதான் எரிச்சல் அடங்கியது. சூடு மட்டும் நின்றது.

இன்று ரொட்டி வெளியே வந்ததும் அடுப்பு வாயைத் தகரத்தால் மூடிவிட்டு உட்கார்ந்தாள். மலையின் நிழல் சாலையில் இறங்கியது.

"என்னா, வேடிக்கை பாத்துனு இருக்கே? ஆறிடப் போவுது," என்றான் அண்ணன்.

"ஆறட்டும்ணே. மேலயும் கீழயும் ஒண்ணா ஆறட்டும்."

தகரத்தை விலக்கி ஒரு சிட்டிகை மாவைத் தூவினாள். உடனே கறுத்தது. மூடினாள். வெகுநேரம் கழித்துத் தூவியபோது மாவு மெல்ல நிறம் மாறிப் பொன்னிறத்தில் நின்றது. பிஸ்கட் தட்டை உள்ளே தள்ளினாள்.

நெய் மணம் அவளுக்கு முன்னால் கடைவாசலுக்குப் போனது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் ஒரு பிஸ்கட்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தான். மேலே இருந்த அதே நிறம். தின்றான். இன்னொன்றை எடுத்தான். பீபி ஜான் நான்கைந்தை முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"என் மாமியாருக்கா, அண்ணி?" என்றாள் வஜீதா.

அண்ணன் சிரித்துவிட்டான். "ரொட்டிக்கு அப்புறம் அடுப்பு உன்னுது," என்றான்.

அதற்குள் அவள் அடுத்த தட்டைத் தூக்கியிருந்தாள்.

"நகருங்கண்ணே. இன்னும் ஒரு தட்டுக்கு சூடு இருக்குது."

அவன் நகர்ந்து வழிவிட்டான்.