இரண்டு மருந்து

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஒரு மதியம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. டாக்டரின் மாத்திரையையும் மூலிகைக்காரம்மாவின் கஷாயத்தையும் சேர்த்தே சாப்பிட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டும் சர்க்கரையை இறக்குபவை.

கஷாயம் குடித்தவர்களை டாக்டர் வெளியே அனுப்பிவிடுவார். அதனால் அவருடைய காத்திருப்பு அறையில் பெண்கள் கஷாய வாடை தெரியாமலிருக்க ஏலக்காய் மென்றுகொண்டிருப்பார்கள். மாத்திரை போடுபவர்களுக்கு மூலிகைக்காரம்மா கதவைத் திறப்பதில்லை. எனவே வீடுகளில் மாத்திரை, முகப்பவுடர் டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும்.

என் மாமியாருக்கும் சர்க்கரைதான். அவரும் இரண்டையும் சாப்பிடுகிறார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. டாக்டரையும் மூலிகைக்காரம்மாவையும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஆடு மாடு திங்கறதை மனுஷனுக்குக் குடுக்கறவங்களோட எனக்கு என்ன பேச்சு?"

"ஊரையே ஊசி குத்திச் சல்லடையாக்கினவர் சொல்றார், கேட்டுக்குங்க தம்பி" என்றார் மூலிகைக்காரம்மா.

"உங்க கஷாயம்தான் அந்தப் பொண்ணைக் கொன்னுச்சு."

"உங்க மாத்திரைதான்."

"ரெண்டும் சேர்ந்துதான்" என்றேன்.

டாக்டர் உள்ளே வந்து உட்கார்ந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"எங்கிட்டயும்தான்" என்றார் மூலிகைக்காரம்மா.

"சொன்னா விரட்டிடுவீங்களே" என்றேன். சமையலறைப் பக்கம் திரும்பி, "அத்தை, நீங்களும் ரெண்டையும் சாப்பிடறதை இவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன்.

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொண்ணு போனதிலேருந்து நான் எதையுமே தொடறதில்லை. மாப்பிள்ளை பாவம், மனசு சரியில்லாம ஏதோ சொல்றார்."

டாக்டர் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா. அந்தத் தழையெல்லாம் வேண்டாம்" என்றார். மாமியார் தலையாட்டினார். மூலிகைக்காரம்மா செருப்பை மாட்டியபடி, "கஷாயத்தை விட்டுடாதே. அந்த மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போடு" என்றார். அதற்கும் தலையாட்டினார்.

"ஏன் அத்தை?"

"ஊர்ல வைத்தியம் பாக்க இருக்கறதே இவங்க ரெண்டு பேர். யாரையாவது பகைச்சுக்கிட்டா, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்கே ஓடுவேன்?"

சாப்பிட்ட பிறகு அவர் பாயை விரித்துப் படுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அத்தை."

"ம்."

சிறிது நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன்.

"தூங்க விடுங்க மாப்பிள்ளை" என்றார்.

நான் விடவில்லை.