முன்வரிசை நாற்று

காய்கறி நாற்றுகளைச் சோதிக்கும் அந்த ஆய்வறையில் அவளுக்குக் கோட்டுக்காரி என்று பெயர். வேரை அரைத்த சாற்றில் காகிதப் பட்டையை நனைப்பாள். வாடல் நோய்ப் பூஞ்சையின் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி அதில் தடவியிருக்கும். ஒரு கோடு வந்தால் நோயில்லை. இரண்டு வந்தால் அந்தப் பண்ணையின் நாற்றுத் தட்டுகளை எல்லாம் எரிக்கச் சொல்லிவிடுவாள். ஈவு இரக்கம் பார்க்காதவள் என்று பண்ணைக்காரர்கள் அவள் காதுபடவே பேசுவார்கள்.

சொந்த அண்ணனின் நாற்றுப்பண்ணை விஷயத்தில் பார்த்துத் தொலைத்தாள். எந்தப் பண்ணைக்கும் அவளே போய், மூலைமுடுக்கெல்லாம் தேடி, துவண்டு நிற்கும் இருபது நாற்றுகளைப் பிடுங்கி வருவாள். அன்று வேலை தலைக்கு மேல் இருந்தது. "நீ அலையாதே, நானே கொண்டு வந்து தரேன்" என்றான் அண்ணன். இருபதுக்கும் ஒற்றைக் கோடு. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதத்தில், அந்தத் தக்காளி நாற்றை நட்ட பதினோரு தோட்டங்களும் பிஞ்சோடு வாடின. பூஞ்சை மண்ணில் இறங்கிவிட்டது. இனிப் பல வருஷம் அங்கே தக்காளி வைக்க முடியாது.

விற்காமல் மிஞ்சிய ஒரு நாற்றோடு அண்ணன் வந்து நின்றான். பத்தே நிமிஷத்தில் இரண்டு கோடு.

"அன்னிக்கு எதுலேர்ந்து எடுத்தேண்ணா?"

"முன்வரிசைலேர்ந்து. தளதளன்னு இருந்ததா பாத்துப் பொறுக்கினேன்."

"வாடினது ஒண்ணுகூட இல்லையா?"

அவன் திருதிருவென்று விழித்தான். "தங்கச்சி பாக்கப்போற நாத்து. வாடினதையா கொண்டு வருவேன்?"

ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை கேட்டு ஆத்திரத்தைத் தீர்த்திருப்பாள். இந்த அப்பாவியை என்ன செய்வது?

"அண்ணன் ஏமாத்திட்டான்னு சொல்லிடு" என்றான் தாழ்ந்த குரலில். "உன் வேலையாவது மிஞ்சட்டும். எனக்கு இனிமே என்ன இருக்கு?"

அவள் பழைய சோதனைத் தாளை எடுத்து அவன் முன் வைத்தாள். 'மாதிரி எடுத்தவர்' என்ற இடத்தில், எப்போதும் போல, அவள் பெயர்தான் இருந்தது. பண்ணைப் பக்கமே போகாமல் எழுதிய பெயர்.

"ஏமாத்தினது நீ இல்லேண்ணா."

வெளியே பெஞ்சில் தோட்டக்காரர்கள் பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தாளோடு எழுந்து கதவைத் திறந்தாள்.