வெங்காயத் தொட்டியில் ஒரு பூ

மழை விட்டதும் துணி காயப்போடலாம் என்று பால்கனிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய வெங்காயத் தொட்டியில் ரோஜா நிறத்தில் ஒரு பூ விரிந்திருந்தது.

வெங்காயம் பூக்காதா என்றால், பூக்கும். வெள்ளை வெளேரென்று பொடிப்பொடியாகச் சேர்ந்து பந்துபோலப் பூக்கும். இப்படி ஆறு இதழை விரித்துக்கொண்டு பல்லிளிக்காது. அந்தத் தொட்டியைப் பற்றி அவளைவிட யாருக்குத் தெரியும்? பழைய பெயின்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, கடையில் வாங்கிய வெங்காயத்தாளின் வேர்க்கட்டைகளை ஊன்றி, அவளே உண்டாக்கியது அது. பிடுங்கமாட்டாள். அடியில் இரண்டு விரல் உயரம் விட்டு மேலே கத்தரிப்பாள், அதுபாட்டுக்கு மறுபடி துளிர்க்கும். புருஷனைக்கூட வாளியில் கைவைக்க விடமாட்டாள்.

பக்கத்து பால்கனியிலிருந்து, இரண்டு பூனை வளர்ப்பதால் பூனைக்காரி என்று பெயரெடுத்தவள் எட்டிப் பார்த்தாள்.

"அட, மழை லில்லி! எப்ப வச்சீங்க அக்கா? பாத்து, எங்க பூனை இதைக் கடிச்சுட்டு வாந்தியா எடுத்து, பிழைச்சதே பெரிய பாடு. மனுஷங்களுக்கும் ஆகாது. இலை, கிழங்கு எல்லாமே விஷம்."

அவள் வாளியருகே குனிந்து தாள்களை விலக்கிப் பார்த்தாள்.

அன்று காலையில்தான் அந்த வாளியிலிருந்து ஒரு பிடி கத்தரித்து, முட்டையோடு போட்டுப் பொரித்து, புருஷனின் சாப்பாட்டு டப்பாவில் வைத்து அனுப்பியிருந்தாள். மழை இருட்டில் கைக்கு அகப்பட்டதை அறுத்தாள். வெங்காயத்தாள் என்றால் உள்ளே குழலாக இருக்கும். நாலைந்து தாள் மட்டும் குழலில்லாமல் தட்டையாக இருந்தது. இளசு போலிருக்கிறது என்று அதையும் சேர்த்து அரிந்தாள். மூக்குள்ள எவளுக்கும் அந்த நிமிஷமே வித்தியாசம் பிடிபட்டிருக்கும்.

அவளுக்கு மூக்கு இல்லை. அதாவது முகத்தில் இருக்கிறது, வேலைதான் செய்யவில்லை. மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் பால் கெட்டிருக்கிறதா, எண்ணெய் சிக்கடித்திருக்கிறதா என்று மோந்து பார்ப்பதுதான் அவள் வேலை. அங்கே மேற்பார்வை பார்ப்பவள் புருஷனின் சொந்த அக்கா. புருஷனோ ஓட்டைவாய். குடும்பத்தில் அவனுக்கு ரேடியோ என்றே பெயர். அவனிடம் ஒன்றைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அக்காவுக்குப் போய்விடும். வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரேடியோவுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. வேலை நேரத்தில் போனைப் பைக்குள் போட்டுவிடுவான். ஈரத் துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கையில் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். வலது காலில் அவன் செருப்பு, இடது காலில் அவள் செருப்பு. ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் அதைக் கவனித்தாள். 'கடவுளே, இன்னைக்கு மட்டும் அந்த மனுஷனுக்குப் பசிக்கக் கூடாது' என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டாள்.

அந்த அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கழற்றிப் போட்ட லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் டப்பா. துடைத்து வைத்ததுபோலக் காலி.

"சாப்பிட்டியா?" அவள் டப்பாவைப் பிடுங்கினாள்.

"ம். கொஞ்சம் கசந்துச்சு," என்றான். முகமெல்லாம் வியர்த்திருந்தது. "நீ எங்க இங்க?" என்று கேட்டுக்கொண்டே திரும்பி, பக்கத்து வாளியில் வாந்தி எடுத்தான்.

பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பாட்டில் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். "அளவு கம்மிதான். நாளைக்குச் சரியாயிடும். கிழங்கைத் தின்னிருந்தா கதையே வேற," என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கசந்தா துப்ப வேண்டியதுதானே! ஏன்யா முழுங்கின?"

"மிச்சம் வச்சா ஏன்னு கேப்ப. கசக்குது, வெங்காய வாசனையே இல்லைன்னு சொன்னா உன் மனசு கஷ்டப்படும். உனக்குத்தான் மூக்கு வேலை செய்யலையே."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்குப் பால் அடிப்பிடிச்சு வீடே நாறுது. நீ பக்கத்துல உக்காந்து துணி மடிச்சிட்டிருந்த. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"அந்த லில்லி எப்படி வந்துச்சு?"

அவன் முகம் விழுந்துவிட்டது. "நான்தான் வச்சேன். உன் காய்ச்சலுக்கு முன்னாடி. வேலை செஞ்ச இடத்துல வாட்ச்மேன் நாலு கிழங்கு கொடுத்தார். மழை பெஞ்சா பூக்கும், நீ அசந்து போவேன்னு உன் வாளி ஓரத்துலயே புதைச்சேன். மோந்து பாத்தா உனக்குத் தெரியாதான்னு... அப்புறம் சுத்தமா மறந்துட்டேன். உனக்கு வாசனை போனதும் தெரியும், வாளியில கிழங்கு இருக்கிறதும் தெரியும். ரெண்டையும் சேத்துப் பாக்கத் தோணலடி."

அவள் அசந்துதான் போயிருந்தாள். ஆனாலும், ஒரு வார்த்தை வெளியே விடாமல் எனக்காக விஷத்தை முழுங்கினானே இந்த ரேடியோ என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. வேலை போனால் போகட்டும். வராந்தாவுக்கு வந்து நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, ஒரு விஷயம் மறைச்சுட்டேன். எனக்கு மூணு மாசமா வாசனையே தெரியல."

"அது தெரியுமேம்மா," என்றாள் நாத்தனார், நிதானமாக. "பால் அடிப்பிடிச்ச அன்னைக்கே தம்பி போன் பண்ணிச் சொல்லிட்டான். நீ மோந்து பாத்த பாலை எல்லாம் உனக்குப் பின்னாடியே இன்னொருத்தி மோந்து பாத்துட்டுத்தான் அடுப்புல ஏத்துறா."

"யார் யாருக்குத் தெரியும், அண்ணி?"

"சமையக்கட்டுல எல்லாருக்கும் தெரியும். உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் ஒருத்தரும் வாயைத் திறக்கல. ஏன், இப்ப என்ன ஆச்சு?"

அவள் போனைக் காதில் வைத்தபடியே அவன் படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பினாள். உள்ளே அவன் மறுபடி வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.