வாளிக்கு ஒரு பிள்ளை

1.

இந்தக் கதை ஒரு சிவப்பு வாளியிலிருந்து* வந்தது. கோஹினூர் வீட்டு வாசலில் அது கவிழ்ந்தே கிடக்கிறது. அவள் அதில் தண்ணீர் பிடிப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரன் நான், ஏன் என்று கேட்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

"கதை எழுதப் போறேன். நடந்ததைச் சொல்லு."

"சொன்னா என்ன தருவே அண்ணே?"

"ஒண்ணும் கிடையாது."

"அப்ப நிஜத்தையே சொல்லலாம்" என்றாள்.

(* மூடி போட்ட நல்ல வாளி. அதன் மேல் குறை சொல்ல முடியாது.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மேக்னா ஆற்றில் வெள்ளம் வடிந்த ஒரு காலைப்பொழுதில், பொன்னிற வெயில்...'

(வேண்டாம். அன்றைக்கு வெயிலே இல்லை.)

மறுபடியும். பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று கணக்கெடுக்க எங்கள் ஆற்றுத் திட்டுக்குப் படகில் ஆட்கள் வந்தார்கள். முந்தின தடவை வந்தபோது யாரும் கதவைத் திறக்கவில்லை. அதனால் இந்த முறை, பிள்ளையை எடை போட விட்டால் வீட்டுக்கு ஒரு வாளி என்றார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருஷம் முன்னால் பால்மாவு விற்க வந்த ஒரு கம்பெனி, கொழுகொழு குழந்தைப் போட்டி வைத்துப் பரிசு கொடுத்துவிட்டுப் போயிருந்தது. எடைத் தராசும் இலவசப் பொருளும் ஒரே படகில் வந்தால் எங்கள் பெண்களுக்கு அர்த்தம் ஒன்றுதான்: குண்டுப் பிள்ளைக்குத்தான் பரிசு.

3.

கோஹினூரின் மகள் முக்தி, இரண்டு வயது, எலும்பும் தோலும். படகுத்துறைக் கொட்டகையில் இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவில்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. இவளைக் காட்டினால் வாளி எப்படிக் கிடைக்கும்? கோஹினூர், மீன் வியாபாரி மனைவி ஜோரினாவிடம் போனாள். திட்டிலேயே குண்டுப் பிள்ளை ஜோரினாவின் மகன்தான்.

"கொஞ்ச நேரம் குடு அக்கா. எடை போட்டதும் தந்துடறேன்."

"நீ எத்தனாவது ஆளுடி? ஒரு பப்பாளி கொண்டாந்து வை. அவனை அழ விடாதே, இப்பத்தான் ஒரு வீட்டுல கத்திட்டு வந்திருக்கான்."

வீட்டுக்கு வீடு அவனுக்குப் பெயர் மாறியது. கோஹினூர் வீட்டில் பெண்பிள்ளை ஆனான். முக்தியின் சட்டை அவன் தோளில் ஏறவில்லை, முதுகுத் தையலைப் பிரித்துத்தான் மாட்டினாள். முக்தி தட்டிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள்.

4.

கணக்கெடுக்க வந்த ஷாயிலாதான் எனக்குப் பிடிபடாத பாத்திரம். திட்டு முழுக்க ஒரே பிள்ளையை எடை போட்டிருக்கிறாள், தெரியாமலா இருக்கும்? முட்டாளாக எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். வில்லியாக எழுதினேன், அதையும் அடித்தேன். (அவளுக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அவளுக்கும் ஒரு வாளி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

புஜத்தில் கட்டிப் பார்க்கும் பட்டி ஒன்று வைத்திருந்தாள். சிவப்பு வந்தால் ஆபத்து, பச்சை வந்தால் நலம்.

"பச்சை வந்துச்சு அண்ணே. 'நல்லா வளர்த்திருக்கீங்க'ன்னுட்டு என் முகத்தையே பார்த்தா. அவளுக்குத் தெரியும்."

5.

திட்டு முழுக்கப் பச்சை. இவ்வளவு ஆரோக்கியமான ஊருக்குச் சத்துமாவு எதற்கு? கொட்டகையை மூடிச் சாமானைப் படகில் ஏற்றினார்கள். கோஹினூர் முக்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு துறைக்கு ஓடினாள்.

"இவளைப் பாருங்க. கொஞ்சம் பாருங்க."

"எனக்குத் தெரியாதாம்மா, தினமும் மாவு கொடுத்தவன் நான்தானே" என்றான் மூட்டை ஏற்றியவன். "ஆனா மேலிடத்துக் கணக்குல உன் பிள்ளை பச்சை."

எழுதும்போது ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்கள். வாங்கியவளிடம் அதுவரை வாளி இல்லை.

6.

முடிவு ஒன்று: ஷாயிலா திரும்பி வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறாள், கொட்டகை திறக்கிறது.

(கோஹினூருக்குப் படித்துக் காட்டினேன். "அவளுக்கு அதுக்கு யாரு கூலி கொடுப்பா?" என்றாள்.)

முடிவு இரண்டு: 'அன்று விடியும்போது முக்தி'

இல்லை. பிள்ளை பாயில் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது அந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

பட்டியை உங்களிடம் தருகிறேன். உள்ளே போங்கள். இந்த முறை முக்தியேதான், யாரிடமும் இரவல் வாங்கவில்லை. கையை மெதுவாகத் தூக்கிக் கட்டுங்கள். அழ மாட்டாள், அதற்குத் தெம்பில்லை.

என்ன நிறம் என்று நீங்களே சொல்லுங்கள். சொன்னால் தருவதற்கு என்னிடம் ஒன்றும் கிடையாது.