ஏழு பேருக்கு ஒரு ஜீப்

பெங்களூர் மாவட்டத்தில் ஒரு சிங்கம்கூடக் கிடையாது என்பது ரிச்சர்ட்ஸ் டவுன் தியோடரின் தீர்ப்பு. 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம், பீன்யா போகும் கம்பெனி பஸ்ஸில், மூன்றாவது வரிசை ஜன்னலோரத்திலிருந்து அவர் இதை அறிவித்தார். பன்னேர்கட்டா விலங்குப் பூங்காவில் இருக்கிறதே என்று யாரோ பின்னாலிருந்து முனகியதற்கும் பதில் தயாராக இருந்தது.

“அது சிங்கம் இல்ல. கவர்மென்ட் சர்வன்ட். டைமுக்கு சாப்பாடு, செவ்வாக்கிழமை லீவு. வேட்டையாடாததுக்கு சிங்கம்னு பேரு வெக்கறது, ஓடாத மோட்டாரை ஸ்டாக்ல காட்டற மாதிரி.”

யாரும் மறுக்கவில்லை. காலை ஏழேகாலுக்குச் சிங்கத்துக்காக வாதாடும் தெம்பு அந்த பஸ்ஸில் யாருக்கும் இருந்ததில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஸ்டோர்ஸ் முனியப்பன் மட்டும் கொஞ்சம் நெளிந்து உட்கார்ந்தார். மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் மாறிப் பன்னேர்கட்டா போய், கம்பிவலை போட்ட வண்டியில் ஏறி, மேற்படி கவர்மென்ட் சர்வன்ட்களைப் பார்த்துவிட்டு வருகிறவர் அவர். முன்பு மகளைக் கூட்டிக்கொண்டு போவார். மகள் கல்யாணமாகிச் சேலம் போய் நாலு வருடம் ஆகிறது. மகள் வருவது நின்றதே தவிர, முனியப்பன் போவது நிற்கவில்லை.

அப்படிப் போய்வந்த திங்கட்கிழமைகளில் தியோடர் அவரை விசாரணைக்கு எடுத்துக்கொள்வார்.

“என்ன முனியப்பா, நேத்து டாட்டா காட்டினியா?”

“காட்டினேன் சார்.”

“திருப்பிக் காட்டுச்சா?”

“இன்னும் இல்ல சார். ரெகுலரா போனா பழகிடும்.”

“யோவ், டாட்டா போறவங்களுக்குக் காட்டறது. அது எங்க போகப் போகுது?”

“அது போகாது சார். நாமதான கெளம்பறோம்.”

இந்தப் பதிலை தியோடர் பஸ் முழுவதற்கும் மறுஒலிபரப்புச் செய்தார். மாலை திரும்பும்போது இன்னொரு முறை செய்தார். நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் சிங்கத்துக்கு டாட்டா காட்டுவதைவிடப் பரிதாபமான ஒரு காட்சி கர்நாடகத்தில் இருந்தால் தனக்குக் காட்டும்படி கேட்டுக்கொண்டார். தியோடருக்கும் நாற்பத்தெட்டுதான். ஆனால் அவர் விஷயம் வேறு. அவர் ஆப்பிரிக்கா போகப்போகிறவர்.

இது பொய்யில்லை. அந்த மார்ச் மாதம்தான் டொரான்டோவிலிருந்து தம்பி லாயிட் மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். அம்மா இறந்து ஒரு வருடமாகிவிட்டது. பெர்த்தில் தங்கை மௌரீன், டொரான்டோவில் தான், பெங்களூரில் அண்ணன் என்று மூன்று பேரும் மூன்று மூலையில் கிடக்கிறோம். ஆகஸ்டில் எல்லாருமாக ஆப்பிரிக்காவில் ஒரு வனவிலங்குச் சரணாலயத்தில் கூடினால் என்ன. எந்தச் சரணாலயம் என்று தியோண்ணாவே தேர்ந்தெடுக்க வேண்டும். மூவரும் கடைசியாக ஒரே கூரையின் கீழ் இருந்தது லாயிட் கல்யாணத்தில், பதினோரு வருடம் முன்னால். அம்மாவின் அடக்கத்துக்கு லாயிட் நாலு நாள் வந்துபோனான். மௌரீனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

தியோடர் கடிதத்தை பிரவுசிங் சென்டரில் அச்சடித்து வாங்கி, வீட்டுக்குப் போய் சாப்பாட்டு மேஜையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு ஒரு புதிய ஃபைல் திறந்தார்.

பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருபத்துமூன்று வருடம் இருந்தவர் அவர். மூன்று கொட்டேஷன் இல்லாமல் அங்கே ஒரு விளக்குமாறுகூட உள்ளே வராது. மூன்றையும் கட்டம் போட்ட தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட வேண்டும். அதற்குக் கம்பாரிட்டிவ் ஸ்டேட்மென்ட் என்று பெயர். தியோடர் இதே நடைமுறையை ஆப்பிரிக்கக் கண்டத்துக்கு விரிவுபடுத்தினார். மசாய் மாரா, செரெங்கெட்டி, க்ரூகர், ஏட்டோஷா, மடிக்வே. சிங்கம்: ஐந்திலும் கைவசம் உண்டு. காண்டாமிருகம்: மாராவில் குறைந்த இருப்பு. சிறுத்தை: சப்ளையர் உறுதி தரவில்லை.

சிக்கல் தம்பி தங்கையிடமிருந்து வந்தது. வில்டபீஸ்ட் என்னும் மான்களின் மந்தை ஆயிரக்கணக்கில் முதலைகளுக்கு நடுவே ஆற்றைக் கடப்பதைப் பார்க்காமல் போவதாக இருந்தால் தான் வரவே வேண்டியதில்லை என்று லாயிட் எழுதினான். மலேரியா இருக்கும் இடத்துக்குக் குழந்தைகளைக் கூட்டி வரமாட்டேன் என்று மௌரீன் எழுதினாள். மந்தை கடக்கும் ஆற்றோரத்தில் கொசு இருந்தது. கொசு இல்லாத இடத்தில் ஆறு கடக்க மந்தை இல்லை. தியோடர் சளைக்கவில்லை. வேலைவிட்டு வந்து, முகம் கழுவி, ஆறரைக்கு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தால் எட்டரை வரை ஆப்பிரிக்காவில் இருந்தார். மௌரீனுக்கு மாராவின் கொசுக்கள் ஆகஸ்டில் சோம்பேறிகள் என்று எழுதினார். லாயிடுக்கு மடிக்வேயின் காட்டுநாய்கள் வில்டபீஸ்டுக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல என்று எழுதினார். பதில் சிலசமயம் மறுநாளே வரும். சிலசமயம் இரண்டு வாரம் ஆகும். வராத நாட்களில் முந்தைய பதிலையே திரும்பப் படித்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

ஸ்டேட்மென்டின் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தலைப்பு இல்லை. மதிய சாப்பாட்டில் முனியப்பன் அதை எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, எல்லாத்துக்கும் நேரா ஆறு, ஆறுன்னு போட்டுக்குது?”

“ஜீப்ல எத்தனை சீட்டுன்னு. நாங்க ஏழு பேர். மௌரீன், அவ புருஷன், பசங்க ரெண்டு. லாயிட், அவன் வைஃப். நான்.”

“ரெண்டு ஜீப்பா எடுத்துக்கலாமே.”

“ரெண்டு ஜீப்பா போனா சிங்கத்தை ஒரு ஜீப் பாக்கும். இன்னொரு ஜீப் சாப்பிடறப்போ அதைக் கேட்டுக்கும். கேட்டுக்கற வேலை எனக்குப் போதும் முனியப்பா.”

முனியப்பன் ஊறுகாயை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

ஐந்து சரணாலயங்களின் விடுதிகளுக்கு தியோடர் இந்த ஒரே கேள்வியைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்: ஏழு பேர் ஒரே வண்டியில் உட்கார முடியுமா? சௌகரியத்துக்காக ஆறு பேர்தான் ஏற்றுவோம், உங்களுக்கென்று இரண்டு வண்டி தருகிறோம் என்று எல்லா இடத்திலிருந்தும் மரியாதையாகப் பதில் வந்தது. உபசாரம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஜூன் முதல் வாரம் மடிக்வேயில் ஒரு விடுதியிலிருந்து இரண்டு வரி வந்தது: எங்கள் வண்டியில் வரிசைக்கு மூன்றாக ஒன்பது இருக்கை, ஏழு பேரும் சேர்ந்தே போகலாம். மலேரியாவும் கிடையாது.

அன்று அவர் கடைசிக் கட்டத்தில் ஒன்பது என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். நாலு பக்கத்துக்குப் பரிந்துரை தட்டச்சு செய்து இருவருக்கும் அனுப்பினார். ஆகஸ்டில் பத்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கினார். கமர்ஷியல் தெருவில் ஒரு காக்கித் தொப்பி வாங்கினார். பஸ்ஸில் தேதி அறிவிக்கப்பட்டது.

பதினொரு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், மௌரீனின் பதில் வந்தது. தியோண்ணா, எவ்வளவு அருமையாகச் செய்திருக்கிறீர்கள், படிக்கும்போதே போய்வந்த மாதிரி இருந்தது, ஆனால் இந்த வருடம் பிள்ளைகளின் பள்ளி, இவருக்கு வேலை மாற்றம், லாயிடுக்கும் கஷ்டம் என்கிறான், அடுத்த வருடம் நிச்சயம் பார்ப்போம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வரிதான். இன்னும் ஏதாவது எழுதியிருப்பாள் என்று அவர் மவுஸை உருட்டினார். இருந்தது. இந்தக் கடிதத்தின் அடியில், இதற்கு முன்னால் அண்ணனுக்குத் தெரியாமல் தம்பியும் தங்கையும் எழுதிக்கொண்டவையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. மௌரீன் வெட்ட மறந்துவிட்டாள்.

மார்ச்சில் லாயிட் எழுதியது: அம்மா போன பிறகு அவருக்குச் சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியவில்லை, போனில் குரலே சரியில்லை. ஏதாவது ஒரு வேலை கொடுப்போம். சஃபாரி என்று சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். அவர் தேர்ந்தெடுத்து முடிக்க ஒரு வருடம் ஆகும். போவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மௌரீன் எழுதியது: நல்ல யோசனை. நான் மலேரியா கூடாது என்கிறேன். நீ அதற்கு ஒத்துவராத மாதிரி ஏதாவது கேள். நாள் பிடிக்கும்.

மே மாதம் லாயிட்: இந்த வாரம் நீ பதில் எழுது. போன வாரம் நான் எழுதினேன்.

ஜூனில் மௌரீன்: ஐயோ, முடித்துவிட்டார்.

தியோடர் கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தார். மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தார். பக்கத்துக் கணினியில் இரண்டு பேர் கார் ஓட்டும் விளையாட்டில் சுவரில் மோதிக்கொண்டிருந்தார்கள். கோபப்படலாமா என்று அவர் யோசித்துப் பார்த்தார். ஆனால் சப்ளையர் மீது குறை சொல்ல இடமில்லை. சாயங்காலங்களைப் போக்க ஒரு வேலை தர நினைத்தார்கள், சாயங்காலங்கள் போயின. சொன்ன தேதிக்கு முன்னாலேயே ஆர்டர் முடிந்துவிட்டது.

பதில் எழுதினார். மௌரீன், பரவாயில்லை. ஆகஸ்டில் மடிக்வேயில் கூட்டம் அதிகம் என்று நானும் கேள்விப்பட்டேன். எனக்கும் இங்கே விடுப்புக் கிடைப்பது கஷ்டம்தான். பிள்ளைகளுக்கு என் அன்பு.

அனுப்புவதற்கு முன், தன் கடிதத்தின் அடியில் தொங்கிக்கொண்டிருந்த பழைய வரிகளை ஒவ்வொன்றாக அழித்தார். தான் அவற்றைப் பார்த்தது அவர்களுக்குத் தெரிய வேண்டாம். கடைசி வரி வரைக்கும் அழித்து, சரிபார்த்து, அதன் பிறகே அனுப்பினார்.

ஆனால் விடுப்பு கையெழுத்தாகிவிட்டது. பஸ் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. தியோடர் திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தார். திங்கட்கிழமை வந்தது, சொல்லவில்லை. அப்படி ஏழெட்டு திங்கட்கிழமைகள் போயின. ஆகஸ்டில், விடுப்புக்கு முந்தைய கடைசி வேலைநாளன்று, ஆளாளுக்கு வந்து கை குலுக்கினார்கள்.

“போய்ட்டு வாங்க சார்,” என்றார் முனியப்பன். “அங்க இருக்கற நெஜ சிங்கத்துக்கு என் சார்பா ஒரு டாட்டா.”

“அதெல்லாம் நான் பண்ண மாட்டேன்.”

“சும்மா ஒண்ணே ஒண்ணு சார்.”

“பாக்கலாம் போ.”

முதல் நாலு நாள் தியோடர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஆப்பிரிக்காவில் இருப்பவர் பால் வாங்கப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போக முடியாது; ஃபாதரிடமும் சொல்லிவைத்திருந்தார். ரொட்டி, முட்டை, கறுப்புக் காப்பி. தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவைத்தார். தொலைபேசி ஒரு முறை அடித்து ஓய்ந்தது. எடுத்தால் வீட்டில் இருப்பது தெரிந்துவிடும். பிற்பகல்களில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தேவையில்லாமல், ஸ்டேட்மென்டில் ஆறாவதாக ஒரு சரணாலயத்துக்கு வரிசை சேர்த்தார்.

ஐந்தாம் நாள் புதன்கிழமை. முனியப்பன் போகும் முதல் ஞாயிறு இல்லை. காலையில் காக்கித் தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாகக் கிளம்பி, மெஜஸ்டிக் போய், 365ஆம் நம்பர் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போனார்.

“எஷ்டு ஜனா?” என்று டிக்கெட் ஜன்னலில் கன்னடத்தில் கேட்டார்கள், எத்தனை பேர் என்று.

“ஒப்பனே,” என்றார் தியோடர். ஒருத்தன்தான்.

வண்டியில் ஒரு புதுக் கல்யாண ஜோடியும், துமகூரிலிருந்து வந்த ஒரு கூட்டுக் குடும்பமும், அவர்களுடைய சித்ரான்ன வாசனையும் இருந்தன. தியோடர் பழக்கதோஷத்தில் இருக்கைகளை எண்ணினார். இருபத்திரண்டு. ஏழு பேர் ஒரே வண்டியில் தாராளமாக உட்காரலாம். இரண்டு ஜீப் பிரச்சினை இங்கே எழவே எழாது. கொசுவும் பார்த்தவரை இல்லை. இதை ஸ்டேட்மென்டில் சேர்க்காமல் விட்டது நடைமுறைத் தவறு என்று அவருக்குப் பட்டது. பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். பிறகு, யாரும் கேட்காதபோதும், எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு கேட் தாண்டி, ஒரு திருப்பத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். புங்க மரத்தடியில் ஒரு சிங்கம் படுத்திருந்தது. குடும்பம் மொத்தமும் அந்தப் பக்க ஜன்னலுக்குச் சாய்ந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்து, ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். சிங்கம் வண்டியைப் பார்த்தது. வண்டிக்கு அப்பால் இருந்த எதையோ பார்த்தது. வாலால் ஒரு ஈயை ஓட்டிவிட்டு, முன்னங்கால் மேல் தாடையை வைத்துக்கொண்டது. வேட்டையாடும் உத்தேசம் அதற்கு இல்லை. யாரையும் எதிர்பார்ப்பதாகவும் தெரியவில்லை.

வண்டி நகர ஆரம்பித்தது. குடும்பம் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாறியது. அங்கே கரடி வரும் என்று டிரைவர் சொல்லியிருந்தார். தியோடர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். பிறகு கம்பிவலைக்குப் பின்னால், நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாமல் கையைத் தூக்கி, நாலு விரலை இரண்டு முறை அசைத்தார்.