டிக்கிக் கதவில் மாதா

ரெஜிஸ் சாருடைய தைரியமெல்லாம் வகுப்பறைக்குள் மட்டும்தான். திருச்சியில் கல்லூரிப் பையன்களை ஒரே பார்வையில் உட்கார வைப்பவர், ஸ்ரீரங்கத்துப் பானுமதிக்கு ஒரு போன் போட முடியாமல் ஒரு வாரம் தவித்தார்.

பானுமதி மாத வாடகைக்குக் கார் விடுபவர். மருங்காபுரிப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்வரும் ஆய்வு வேலை ஒன்று வந்தபோது, ரெஜிஸ் அவரிடம் ஒரு வெள்ளைக் காரை எடுத்துப் பதினோரு மாதம் ஓட்டினார். மற்றவர்களிடம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் போனில் படம் பிடித்துக்கொள்ளும் அம்மாள், "வாத்தியார் கைல இருக்குற வண்டிக்குப் படம் எதுக்குங்க?" என்று இவரிடம் மட்டும் சாவியை அப்படியே நீட்டினார். ஆனால் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். கீறல் யாரிடம் வண்டி இருக்கும்போது கண்ணில் படுகிறதோ, அவர்தான் பொறுப்பு.

வண்டியை ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வளாகத்தில் ரிவர்ஸ் எடுத்தார். மாதா சிலை நிற்கும் குகை போன்ற கெபியைச் சுற்றியிருந்த கம்பி வேலி டிக்கிக் கதவை உரசிவிட்டது. ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. அப்போதே சொல்லியிருந்தால் ஒரு நிமிடப் பேச்சு. பதினோரு மாதம் காப்பாற்றிய நல்ல பெயர் கடைசி வாரத்திலா கெட வேண்டும் என்று மனசு கேட்கவில்லை. கோயில் வாசல் கடையில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் ஒன்றை வாங்கி, கோடு மறையும்படி அளவு பார்த்து ஒட்டினார்.

"திருப்பிக் குடுக்கப்போற வண்டிக்கு எதுக்குங்க மாதா படம்?" என்றாள் மனைவி பிரான்சி.

"பாதுகாப்புக்குத்தான்" என்றார். பொய் இல்லை. யாருடைய பாதுகாப்பு என்பதைத்தான் சொல்லவில்லை.

ஒப்படைக்கும் நாளில் பானுமதி வண்டியை எங்கே பார்த்தார்? ஸ்டிக்கரைத்தான் பார்த்தார். வண்டி கழுவும் மதுரைவீரன் அதன் ஓரத்தில் நகத்தை வைத்து, "பிச்சிரவாக்கா?" என்றார்.

"கையை எடு வீரா! சாமி படத்தை யாராவது பிய்ப்பாங்களா?" பானுமதி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இருக்கட்டும் சார். நாளைக்கு பரக்கத் அலி பாய் ஒரு வருஷத்துக்கு எடுக்குறாரு. அவரும் மரியம் அம்மாவை மதிக்குறவருதான்."

ஒளித்து வைக்க இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று ரெஜிஸுக்குப் புரிந்தது. என்றைக்காவது வெயிலில் ஸ்டிக்கர் உரியும், கோடு தெரியும். அன்றைக்கு வண்டி பரக்கத் அலியிடம் இருக்கும். அந்த மனுஷர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் எடுபடாது. தான் மட்டும் ஞாயிறு தவறாமல் கோயிலில் முழங்காலில் நிற்பதை நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"போயிட்டு வரேம்மா" என்று கேட் வரை போனவர், திரும்பி வந்தார். குனிந்து ஸ்டிக்கரை உரித்தார். பாதி கையோடு வந்தது, பாதி வண்டியிலேயே நின்றுவிட்டது.

"அய்யய்யோ, என்ன சார் பண்றீங்க!"

"அடியில பாருங்கம்மா. நான்தான் வண்டியை உரசினேன். அதை மறைக்கத்தான் ஒட்டினேன்."

பானுமதி கோட்டைப் பார்த்தார். அப்புறம் ரெஜிஸ் கையில் கசங்கிக் கிடந்த பாதிப் படத்தைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"வீரா, பாலிஷ் எடுத்துட்டு வா."

மதுரைவீரன் மிச்சப் படத்தைச் சுரண்டி எடுத்து, துணியால் ஐந்து நிமிடம் தேய்த்தார். கோடு போயே போய்விட்டது. வேலியின் பெயின்ட்தான் அப்பியிருந்திருக்கிறது. ஸ்டிக்கரின் பசைதான் போகவில்லை. டிக்கியில் கட்டமாக ஒரு கறை நின்றது. மண்ணெண்ணெய் போட்டு ரெண்டு நாள் தேய்க்கணும் என்றார் அவர்.

"நாளைக்கே பாய் வந்து இது என்னன்னு கேப்பாரு. நான் என்னத்தைச் சொல்ல?" என்றார் பானுமதி. "நீங்களே வந்து சொல்லிடுங்க சார்."

"வரேம்மா" என்றார் ரெஜிஸ்.

பானுமதி போனை எடுத்தார். முன் பக்கத்தில் தொடங்கி, வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கதவாகப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.