பதினோராவது நிமிடம்

பதினோராவது நிமிடத்தில் ரேடியோ மறுபடியும் செத்தது. ஓடுதளத்தின் ஓரத்தில், எங்கள் கொட்டகைக் கதவுக்கு முன்னால், ஒரு கால் குட்டையான இரும்பு நாற்காலியில் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் ஹேண்ட்செட், மடியில் நோட்டு, புல்லில் ஸ்டாப்வாட்ச். பத்தாவது நிமிடம் என் கணவர் மேலே விமானத்திலிருந்து, "ஏரி தாண்டறேன், எல்லாம் சரி" என்றார். நான் ஆயில் சூடு எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். வோல்டேஜ் எவ்வளவு என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன், பட்டனை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வெளுத்தது. அதற்குப் பிறகு பதின்மூன்று நிமிடம் நான் மனுஷியாகவே இல்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், கொட்டகையைச் சுற்றி வந்தேன், எந்தத் திசையில் புகை தெரிகிறது என்று பார்த்தேன், பார்த்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். இருபத்து நாலாவது நிமிடத்தில், "இறங்க வரேன்" என்று குரல் வந்தது, கடைக்குப் போய்விட்டு வருகிறவர் மாதிரி. இது நாலாவது தடவை.

அந்த விமானம் இரண்டு பேர் உட்காரக்கூடியது, ஆனால் சோதனை ஓட்டம் முடிகிறவரை ஒருவர்தான் ஏறலாம் என்பது விதி. ஆறு வருடம் நாங்கள் இருவரும் கையால் கட்டினோம். அவருக்குத் தொழில் பல் செட் செய்வது. பிசின், அச்சு, மெருகு இவற்றிலேயே வாழ்கிற ஆள். அதனால் ஃபைபர் உடம்பு முழுக்க அவர் வேலை. நான் லிஃப்ட் மெக்கானிக். அதனால் ஒயரிங் முழுக்க என் வேலை. உடம்பு அவருடையது, நரம்பு என்னுடையது என்று கொட்டகைக்கு வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வோம். இப்போது நரம்பில் கோளாறு என்றால் யார் தலை உருளும்? பக்கத்துக் கொட்டகைக்காரர் வேறு தினமும் வந்து விசாரிப்பார். கேட்காமலே காற்று, மேகம், மழை எல்லாவற்றையும் ஒப்பிப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வானிலை. "என்னம்மா, இன்னைக்கும் பேச்சுவார்த்தை முறிஞ்சுதா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆன்டெனா விஷயத்தில் எங்களுக்குள் நடந்த சண்டை சின்னதில்லை. ஃபைபர் உடம்பு ரேடியோ அலையை மறைக்காது. அதனால் செப்புப் பட்டையை வால் துடுப்புக்குள்ளேயே ஒட்டி ஒளித்துவிடலாம், வெளியே ஒன்றும் தெரியாது என்பது அவர் கட்சி. விமானத்தின் வயிற்றுக்கு அடியில் ஒரு கம்பி ஆன்டெனா நீட்டிக்கொண்டு இருக்கட்டும், அதற்கு மேலே உள்பக்கமாக அலுமினியத் தாளை விரித்து ஒட்டிவிட்டால் போதும், பழுது என்றால் கையெட்டும் தூரத்தில் இருக்கும் என்பது என் கட்சி. "பல் செட்டுல கம்பி வெளியே தெரிஞ்சா அதுக்குப் பேர் பல் செட்டா?" என்று கேட்டார். வயிற்றில் அவர் போட்டிருந்த மெருகு அப்படி. குனிந்தால் முகம் தெரியும். நான் விட்டுக்கொடுத்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் விட்டுக்கொடுத்த இரண்டாவது விஷயம் அது. முதலாவதை அவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை.

அதனால் முதல் தடவை ரேடியோ செத்தபோது எனக்குப் பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, ரேடியோவின் விளக்கு அணைந்ததா என்பதுதான். அணைந்திருந்தால் கரன்ட் வரவில்லை, அணையாவிட்டால் ஆன்டெனா பக்கம் கோளாறு. எங்கள் தொழிலில் பாதி வேலை இந்த மாதிரி ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடும். "இல்ல, எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான், நான் ஆன்டெனாவின் கழுத்தைப் பிடித்தேன். வால் துடுப்பிலிருந்து பேனல் வரைக்கும் கேபிளை உருவி எடுத்துப் புதிது போட்டேன். பற்றவைத்த இணைப்புகளை எல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். பழுது சொல்ல இடமில்லை. வானிலையை ஹேண்ட்செட்டோடு ஓடுதளத்தின் கடைசிக்கு அனுப்பிவிட்டு, விமானத்தை வாலைப் பிடித்து எட்டுத் திசைக்கும் திருப்பித் திருப்பிப் பேசினேன். எல்லாத் திசையிலும் அவர் ஒப்பித்த வானிலை தெளிவாகக் கேட்டது. தரையில் வராத கோளாறுதான் கோளாறுகளிலேயே கேடுகெட்டது. லிஃப்டிலும் அப்படித்தான். நான் போய் நிற்கும்போது பதவிசாக ஏறி இறங்கும், நான் தெருமுனை திரும்பியதும் யாரையாவது உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும்.

அப்படி உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சை நிறுத்தக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். ஸ்பானரைத் திருகிக்கொண்டே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குரல் கேட்கிறவரைக்கும் மனுஷனுக்குத் தைரியம் போகாது. அந்தப் பழக்கம்தான் ஹேண்ட்செட்டைப் பிடித்ததும் எனக்கு வந்துவிட்டது. நிமிடத்துக்கு ஒரு கேள்வி, இரண்டு கேள்வி. அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான்.

நாலாவது தடவைக்குப் பிறகு, வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே ஆன்டெனா வைத்தே தீருவது என்றேன். சண்டைக்குத் தயாராகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் சண்டைக்கே வரவில்லை. "சரி, போட்டுடலாம்" என்றார். ட்ரில்லை என்னிடம் தரவில்லை, தானே போடுவதாகச் சொன்னார். மல்லாந்து படுத்து, டேப் ஒட்டி, பென்சிலால் புள்ளி வைத்து, துணியால் துடைத்து, மறுபடி புள்ளி வைத்தார். ட்ரில் உள்ளே இறங்கியபோது வெள்ளைத் தூள் அவர் முகத்தில் கொட்டியது. கண் கலங்கியதற்குத் தூசி என்றார். எனக்கே பாவமாக இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், ஆனால் ஜெயித்தவளுக்குச் சந்தேகம் எங்கே வரும்?

புது ஆன்டெனாவோடு போன அன்றைக்கும் பதினோராவது நிமிடம் ரேடியோ செத்தது.

வீட்டுக்கு வந்ததும் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். எஞ்சின் மானிட்டர் நொடிக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் அதில் எழுதிவைக்கும். அதுவரை நான் சூட்டையும் வோல்டேஜையும்தான் பார்த்து வந்தேன். அன்றைக்கு வேறு வழியில்லாமல் கரன்ட் எவ்வளவு போகிறது என்ற கோட்டைத் திறந்தேன். எங்கள் ரேடியோ சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் அரை ஆம்பியர் எடுக்கும், பேசினால் இரண்டு எடுக்கும். பதினோராவது நிமிடத்தில் கோடு சரியாக அரை ஆம்பியர் இறங்கியது. இருபத்து நாலாவது நிமிடத்தில் சரியாக அரை ஆம்பியர் ஏறியது. பழைய நாலு தடவையையும் திறந்தேன். அதே இறக்கம், அதே ஏற்றம், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு முறை. லூஸ் கனெக்ஷனுக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது. அது குலுங்கும், துடிக்கும், போய்ப் போய் வரும். ஒரு தடவை இறங்கி ஒரு தடவை ஏறுவது விரலால் மட்டுமே முடியும்.

அவர் ரேடியோவை அணைத்திருக்கிறார். விளக்கு எரிந்தது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நான் கேபிளை உருவிப்போட்டு முழங்கால் தேயத் தவழ்ந்தபோது டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். உண்மையைச் சொல்வதற்குப் பதிலாகத் தான் மெருகிட்ட விமான வயிற்றில் தானே ஓட்டை போட்டிருக்கிறார். என்னிடமிருந்து பதின்மூன்று நிமிடம் தப்பிக்க ஒரு மனுஷன் இவ்வளவு செய்வாரா? கோபம் வந்தது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அவர் உப்பை நகர்த்தி வைத்தார், நான் அதை வாங்கிக்கொண்டேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். "நான் பேசறது உங்களுக்கு அவ்வளவு பாரமா?" என்பதுதான் கேள்வி. "ஆமா" என்றுவிட்டால் அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த வாரம் எனக்கு எதிலும் கை ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை கொட்டகைக்குத் தனியாகப் போய், ஸ்விட்சே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே ரேடியோவுக்கு ஓடும்படி ஒரு ஒயரை வெட்டினேன். இரண்டு முனையிலும் லக் என்கிற செப்பு வளையம் வைத்து அமுக்கினேன். இனி எப்படி அணைப்பார் பார்க்கலாம் என்று பேனலுக்கு அடியில் தலையைவிட்டுப் படுத்தேன். பத்து நிமிடம் அப்படியே கிடந்தேன். தீப்பிடித்தால்கூட அணைக்க முடியாத ரேடியோ அது. என் தொழிலில் அப்படி ஒரு ஒயரைப் போட்டவனை நானே வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறேன். சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை ஒரு ஆறுமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் ஒரு அம்மா உள்ளே இருந்தார். நான் கதவில் வாயை வைத்து என் வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தேன். "அவசரமில்லம்மா, நீங்க மெதுவாவே பண்ணுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் உள்ளேயிருந்து. இத்தனை வருடத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குப் பேச்சை நிறுத்திவிட்டு வேலையை முடித்தேன். கதவு திறந்தபோது அந்த அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஏறி உட்கார்ந்து வார்ப்பட்டையைப் பூட்டும்போதே நான் தீர்மானித்துவிட்டேன். அவர் அணைப்பதற்கு முன்னால் நான் அணைத்துவிடுவது. சின்னப்பிள்ளைத்தனம் என்று தெரியும். ஆனால் இன்னொரு தடவை அந்தப் பதினோராவது நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க என்னால் முடியாது. ஒன்பதரையாவது நிமிடத்தில் ஹேண்ட்செட்டின் குமிழைத் திருகினேன். டிக் என்றது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. புல்லின் சத்தம் கேட்டது. கொட்டகைத் தகரம் வெயிலில் முறுக்கிக்கொள்கிற சத்தம் கேட்டது. இதற்குத்தானா அவர் அணைக்கிறார் என்று தோன்றியது. வானிலை ஃப்ளாஸ்கோடு வந்து, கீழ்க்காற்று மாறுகிறது என்றார். நான் தலையாட்டினேன். இரண்டு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் குமிழைத் தவிர உலகத்தில் எதுவும் என் கண்ணில் படவில்லை. இருந்தும் திருகவில்லை. வீம்பு என்றால் வீம்புதான்.

இருபதாவது நிமிடமே எஞ்சின் சத்தம் கேட்டது. வழக்கமாக ஓடுதளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்குவார். அன்றைக்கு ஏரிப் பக்கமிருந்து நேரே வந்து, காற்று முதுகில் தள்ள, தடதடவென்று இறங்கினார். "இது என்ன இறக்கம்?" என்று வானிலை வாயைப் பிளந்தார். விமானம் புல்லில் கோணலாக நின்றது. சக்கரத்துக்குக் கட்டை வைக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை. என் கணவர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை, பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டார்.

"உனக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். மூச்சு வாங்கியது. முகத்தில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

இல்லை என்றேன்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் தெரியுமா?"

"ரேடியோ கட் ஆயிடுச்சு" என்றேன். ஒவ்வொரு தடவையும் இறங்கியதும் அவர் சொன்ன அதே வார்த்தை, அதே தொனி. ஒத்திகை பார்க்காமலே வந்துவிட்டது.

அவர் என் கையிலிருந்து ஹேண்ட்செட்டை வாங்கினார். குமிழைத் திருகினார். டிக் என்று உயிர் வந்து, பச்சை விளக்கு எரிந்து, இரைச்சல் தெளிவாகக் கேட்டது. அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். வானிலை ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு நைசாக நகர்ந்துவிட்டார். நான் என் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். அது குமிழின் மேலேயே இருந்தது.

"பேட்டரி காண்டாக்ட் லூஸா இருக்கும்" என்றார் கடைசியில்.

"இருக்கும்" என்றேன்.

ஹேண்ட்செட்டை நாற்காலியில் வைத்துவிட்டு விமானத்தைத் தள்ளப் போனார். நானும் போய் மறுபக்கம் பிடித்துத் தள்ளினேன். கொட்டகைக்குள் நிறுத்தியதும் அவர் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வயிற்றுக்கு அடியில் போய்ப் படுத்தார். நான் கார்டை உருவி, பெஞ்சில் இருந்த லேப்டாப்பில் சொருகினேன். வீடு வரை பொறுக்க முடியவில்லை. கரன்ட் கோட்டைத் திறந்தேன். பதினோராவது நிமிடத்தில் கோடு இறங்கவில்லை. அன்றைக்கு அவர் ரேடியோவை அணைக்கவே இல்லை. பத்தாவது நிமிடத்தில் இரண்டு ஆம்பியருக்கு ஒரு குச்சி நின்றது, மூன்று விநாடி. ஏரி தாண்டுகிறேன் என்று சொல்லியிருப்பார். அடுத்தது இரண்டு விநாடி. அடுத்தது இரண்டு. அதற்குப் பிறகு குச்சிகள் நெருக்கமாக வந்தன, ஆறு, ஏழு, எட்டு. பதினாலாவது நிமிடத்தில், அநேகமாக அவர் திரும்பிய நேரத்தில், கடைசியாக ஒன்று. அது குச்சி மாதிரி இல்லை, சுவர் மாதிரி அகலமாக இருந்தது. எண்ணினேன். பத்தொன்பது விநாடி.

பத்தொன்பது விநாடி பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. எல்லாம் சரி என்பதற்கு ஒரு விநாடி போதும். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அதுவும் வேண்டாம். எவ்வளவு கரன்ட் போனது என்று கார்டில் இருக்கிறது, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் அதில் இல்லை. பத்தொன்பது விநாடி எவ்வளவு நீளம் என்று பார்க்க ஸ்டாப்வாட்சை எடுத்து அழுத்தினேன். அவர் மல்லாந்து படுத்து, ஆன்டெனாவின் அடியில் ஓட்டையைச் சுற்றித் துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. ஐந்து விநாடி ஆனது, பத்து ஆனது. பதினைந்தில் துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தை எடுத்தார். பத்தொன்பது ஆனபோதும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.